ஒரே படத்தில் நாம்

கோபக்காரிக்கு,

போன்ல என்னை இன்னும் பிளாக் பண்ணியே வச்சிருக்கே. அதனாலதான் இந்தக் கடிதம். நீ சொல்லாம கிளப் மாறினதைப் பத்தி இதுல ஒரு வரிகூட எழுதமாட்டேன்.

இந்த வாரம் லீக்ல நீ போட்ட மூணு கோலையும் பார்த்தேன். தலையால முட்டி ஒண்ணு போட்டியே, அது பிரமாதம். நானும் சும்மா இல்லை. கடைசி நிமிஷத்துல ஒரு பெனால்டியைத் தடுத்தேன். எழுந்தப்போ முகமெல்லாம் சேறு.

எல்லா டீம்லேர்ந்தும் பொறுக்கி, வாரத்தோட சிறந்த பதினோரு பேர்னு லீக்ல படம் போட்டிருக்காங்க, பார்த்தியா? கீழே கோல்கீப்பரா நான், மேலே ஸ்ட்ரைக்கரா நீ.

அம்மாகிட்ட காட்டினேன். அவங்களுக்கு ஃபுட்பால் என்ன தெரியும்? கண்ணாடியை மாட்டிப் பார்த்துட்டு, "ரெண்டு பேரும் மறுபடி ஒரே டீம்ல சேந்துட்டீங்களாடி?"னு கேட்டாங்க. அவங்க முகத்துல அவ்வளவு சந்தோஷம். எனக்கு இல்லைன்னு சொல்ல வாய் வரலை. ஆமாம்மான்னு சொல்லிட்டேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் உனக்கும் சேர்த்து மட்டன் குழம்பு வைக்கிறாங்க. உங்க ஹடப்சர்லேர்ந்து பஸ் ஏறி எங்க நிக்டி வீட்டுக்கு வா. நான் சொன்ன பொய்யை நீதான் வந்து உண்மையாக்கணும்.

இப்படிக்கு,
இப்பவும் உன் கோல்கீப்பர்