அடிக்குறிப்புகளை விழுங்கிய வரி

ஜனவரி 11, செவ்வாய்

மருந்துக் கையேட்டின் ஸ்டைல்ஷீட் முடிந்தது. நாலாயிரம் மருந்துப் பக்கங்களைப் பழைய அமைப்பிலிருந்து பதிப்பகத்தின் புதிய அமைப்புக்கு மாற்றும் விதிகள். ஐந்து மாத உழைப்பு. கணினிச் சரிபார்ப்பில் எல்லாப் பக்கமும் பச்சை. டீம் லீடர் மிலிந்திடம் கொடுத்துவிட்டு, டெக்கன் கடைவீதிக்குப் போய்த் தனியாகக் காரசாரமாக மிசலும் ரொட்டியும் சாப்பிட்டேன்.

ஜனவரி 13, வியாழன்

கோப்பின் தலையில், எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், மிலிந்த் தாம்லே. என் பெயரை அழித்துவிட்டான்!

கூட்டத்தில் மேனேஜர் ஃபட்னீஸ் மேடம் அவனைப் புகழ்ந்து தள்ளினார். "பிரமாதம் மிலிந்த். லண்டனுக்கு நீயே போய்ப் பதிப்பகத்துக்காரங்ககிட்ட காட்டிட்டு வா."

"சுலக்ஷணாவும் கொஞ்சம் உதவினா மேடம்."

கொஞ்சமா? வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று குனிந்து நோட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 14, வெள்ளி

சங்கராந்தி. இந்த ஊர் வழக்கப்படி மிலிந்த் எல்லார் மேஜைக்கும் போய் எள்ளுருண்டை கொடுத்தான். "வாங்கிக்க சுலு, வருஷம் பூரா இனிப்பாப் பேசு." வாங்கிக்கொண்டேன். அவன் முதுகு மறைந்ததும் குப்பைக்கூடையில் போட்டேன்.

ஜனவரி 17, திங்கள்

கடவுள் இருக்கிறார்.

அக்டோபரில் சில அடிக்குறிப்புகள் இரண்டு முறை வந்து தொல்லை கொடுத்தன. அப்போதைக்கு ஒரு வெற்று விதி போட்டு வைத்தேன்: அடிக்குறிப்பு வந்தால் எதையும் எழுதாதே. பிறகு எடுக்க மறந்ததை இன்றுதான் பார்த்தேன். அது எல்லாக் குறிப்பையும் விழுங்குகிறது. அடிக்குறிப்பு கட்டாயம் என்று புதிய அமைப்பு கேட்பதில்லை. அதனால்தான் எல்லாம் பச்சை.

தவறு என்னுடையது. ஆனால் பெயர் அவனுடையது. லண்டனில் யாராவது "குறிப்பெல்லாம் எங்கே?" என்று கேட்கட்டும். அவன் முழிப்பான். படிக்காத கோப்பைப் பற்றி என்ன சொல்வான்?

ஜனவரி 18, செவ்வாய்

இன்று லண்டனுக்குக் கிளம்பினான். சொல்லவில்லை.

ஜனவரி 25, செவ்வாய்

திரும்பி வந்துவிட்டான், சாக்லேட்டோடு. அவன் காட்டிய நாற்பது பக்கங்களில் ஒன்றுக்குக்கூடப் பழைய அமைப்பிலேயே குறிப்பு கிடையாது! கைதட்டினார்களாம். நாசமாய்ப் போக.

இருக்கட்டும். வரும் திங்களன்று கையேடு ஆஸ்பத்திரிக் கணினிகளுக்குப் போகிறது. அப்போது மாட்டுவான், இன்னும் பெரிதாக.

ஜனவரி 28, வெள்ளி

எத்தனை குறிப்பு போயிருக்கிறது என்று எண்ணிச் சந்தோஷப்படத்தான் திறந்தேன். ஆயிரத்து எண்ணூறு. ஓர் இருமல் மருந்தின் பழைய பக்கத்தில்: "இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது." புதிய பக்கத்தில் அந்த இடமே இல்லை. அளவு மட்டும் அழகாக நிற்கிறது.

அவன் மாட்டுவது எப்படி என்று நான் யோசிக்கவே இல்லையே — ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆனால்தானே மாட்டுவான்? என்ன பெண் நான்?

ஜனவரி 29, சனி

மேடம் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். உடனே மிலிந்தையும் வரச்சொன்னார்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "மேடம், அது நிஜமா சுலு எழுதினது. நான் திறந்துகூடப் பாக்கல."

"அப்ப உன் பேர் அங்க என்ன பண்ணுது?"

எவ்வளவு ஆசைப்பட்ட நிமிடம்! ருசித்து முடிப்பதற்குள் மேடம் என் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்ப தெரியும்?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். "பன்னெண்டு நாளா தெரியும் மேடம். இவன் மாட்டணும்னுதான் சும்மா இருந்தேன்."

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றார்.

ஜனவரி 31, திங்கள்

வெளியீடு இரண்டு வாரம் தள்ளிப்போனது. அந்த வரியை நீக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் இனி இயந்திரத்தை நம்பமாட்டோம், ஒவ்வொரு குறிப்பையும் மனிதர் படித்துப் பார்க்க வேண்டும் என்று பதிப்பகம் எழுதியிருக்கிறது. ஒருவர் பழையதை உரக்கப் படிக்க, இன்னொருவர் புதியதில் பார்க்க வேண்டும். யார் அந்த இருவர் என்று மேடத்திடம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி 9, புதன்

ஆயிரத்து நூறைத் தாண்டிவிட்டோம். அவன் படிக்கிறான், நான் "இருக்கு" என்கிறேன். மதியத்துக்குமேல் அவன் தொண்டை கட்டியது. நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பாதி அளவு" என்று படித்தான்.

"இருக்கு."

அவன் அடுத்ததுக்குப் போகவில்லை. என் திரையை எட்டிப் பார்த்தான். "இல்ல சுலு. மறுபடி பாரு."

இல்லைதான். வரியை நீக்கிய பிறகும் விட்டுப்போன ஒன்று; பழக்கத்தில் "இருக்கு" என்று சொல்லியிருக்கிறேன். சேர்த்தேன். இருவரும் இன்று பார்த்ததையெல்லாம் முதலிலிருந்து மறுபடி தொடங்கினோம். இந்த முறை நான் படித்தேன்.