பின்னால் பிறந்த அக்கா

அன்புள்ள அம்மா,

காலையில் எழுந்ததும் முதலில் நம் ஊர் அபெயொகுட்டா இருக்கும் திசை பார்த்து மண்டியிட்டு உங்களை வணங்கினேன். முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே வெளிநாட்டில், அக்ராவில் நான் நலம். பிள்ளைகளுக்காக நான் எழுதிய மாயக்கதையைப் படித்துவிட்டு, பதிப்பகத்து எஸி நேற்று சிரித்தாள்.

"என்ன மேடம், ரெட்டையில முதல்ல பொறந்தவ தங்கச்சியாம், பின்னால வந்தவ அக்காவாம், சிம்மாசனமும் அவளுக்காம்! மாத்திடுங்க. இல்லன்னா அச்சுக்குப் போகாது."

"உலகம் எப்படியிருக்குன்னு பாத்துட்டு வாடின்னு தங்கச்சிய முன்னால அனுப்புறவதாம்மா அக்கா. எங்க யொரூபா மக்களோட வழக்கம் அது" என்றேன்.

"நல்ல சோம்பேறி அக்கா!" என்றாள்.

காய்ந்த மிளகாய் அனுப்புங்கள். எனக்கு முன்னால் பிறந்த தங்கை தாய்வோவைப் போனில் பேசச் சொல்லுங்கள். இங்கே என்னை அக்கா என்று கூப்பிட ஆளில்லை.

பாடம் நடத்தப் பள்ளிக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை: கதையை மாற்றாமல் திருப்பி வாங்கிக்கொள்ளப் போகிறேன்.

உங்கள் மகள்,
கெஹிண்டே