நடுப்பாறையில் கொட்டிய மீன்கள்

கடிதம் எண் 61
ந்காட்டா விரிகுடா, மலாவி
9 ஜூன் 2024, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3.20

அன்பு மகள் லுசுங்குவுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம். பெர்கன் குளிரில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி மே 30 முதல் குறைந்துவிட்டது, மரவள்ளி மாவைத் தானே இடித்துக்கொள்கிறாள், சொன்னால் கேட்பதில்லை. நீ அனுப்பிய ஆய்வேட்டின் பிரதி மே 27 அன்று வந்தது. இரண்டு முறை படித்தேன். வடபாறையில் நீல மீன், தென்பாறையில் மஞ்சள் வயிற்று மீன், இடையில் உள்ள ஆழமான மணலை இரண்டும் கடப்பதில்லை, பெண்மீன் தன் நிறத்து ஆணையே தேடுகிறது, இப்படித்தான் ஓர் இனம் இரண்டாகப் பிரிகிறது என்று நீ எழுதியிருப்பது எனக்கே விளங்கியது. ஆனால் நடுப்பாறை நீல மீன்களின் மரபணுவில் மஞ்சள் வயிற்றின் துண்டுகள் கலந்திருப்பதையும், கலந்து ஏறத்தாழ முப்பது தலைமுறை ஆகியிருப்பதையும் கண்டுபிடித்த நீ, ஏரி வற்றிய ஆண்டுகளில் அவை தாமாகவே நீந்தி வந்திருக்கும், ஆகவே பிரிவு இன்னும் முடியவில்லை என்று ஐந்தாம் அத்தியாயத்தில் முடித்திருக்கிறாய். அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

அவை தாமாக வரவில்லை, லுசுங்கு. நான் கொண்டுவந்தேன். அலங்கார மீன் ஏற்றுமதி நிலையத்தில் நான் பதிவெழுத்தராக இருந்தபோது, விலைபோகாத மீன்களைப் பிடித்த பாறையிலேயே திரும்ப விடவேண்டும் என்பது விதி. 14 ஆகஸ்டு 1991, புதன்கிழமை, தென்பாறையின் மஞ்சள் வயிற்று மீன்கள் இருந்த இரண்டு பீப்பாய்களோடு நானும் படகோட்டி சியூமியாவும் தெற்கே புறப்பட்டோம். ம்வேரா காற்று எதிரே எழுந்தது. நடுப்பாறைக்கு அப்பால் படகு ஒரு முழம் நகரவில்லை. "ஏ லோங்வே, மீனுகிட்ட எந்த ஊருன்னு யாரு கேக்கப் போறா? கொட்டுய்யா" என்றான் சியூமியா. கொட்டினோம். பதிவேட்டில் "சொந்தப் பாறையில் விடப்பட்டன" என்று எழுதினேன். முப்பத்தொரு ஆண்டுப் பணியில் நான் அறிந்து எழுதிய பொய் அது ஒன்றே.

ஜூலை 2 அன்று தேர்வாளர்கள் முன் நீ நிற்கப்போகிறாய். நான் வாய் திறக்காவிட்டால் அங்கே தவறான காரணத்தைச் சொல்வாய்; திறந்தால் ஓர் அத்தியாயத்தைத் திருப்பி எழுதவேண்டும், என் பெயரும் அதில் வரும். இதை நான்கு நாள் சுமந்தேன். அம்மாதான், "உங்க மானத்த நான் பாத்துக்கறேன், நீங்க தேதிய எழுதி அனுப்புங்க" என்றாள். நேற்று சியூமியாவிடம் போய்ச் சொன்னேன். அவன் வெகுநேரம் சிரித்துவிட்டு, "நான் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல, அந்த மீனு உன் மககிட்டச் சொல்லிருச்சே" என்றான்.

ஒன்று சொல்ல அனுமதி கொடு. இந்த மீன்களுக்கு ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்கிறாய். அன்றிலிருந்து இன்றுவரை முப்பத்துமூன்று ஆண்டு. உன் கணக்கு சரி, காரணம் மட்டும் மாறவேண்டும். கலப்பு தொடங்கிய நாள் தெரிந்த பாறை உன் துறையில் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை காலம் ஒரே பாறையில் இருந்தும் அவை முழுவதும் ஒன்றாகவில்லையே, ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. அதை நீதான் சொல்லவேண்டும். இதை எழுதியபின் மனம் இலேசாக இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு, மேலங்கியின் பொத்தான்களை எல்லாம் போடு. கடவுள் உன்னைக் காக்கட்டும். கிடைத்ததும் பதில் எழுது, தேதியிட்டு.

உன் தந்தை,
எலிஜா லோங்வே

இணைப்புகள்:
1. 1991 பதிவேடு, பக்கம் 212, மூலம்.
2. அதற்கு நான் இன்று எழுதிய திருத்தம்.
3. வறுத்த உசிபா மீன், அரைக் கிலோ (அம்மா).
4. சியூமியாவின் சாட்சிக் கடிதம், கையொப்பத்துடன். தேதியை ஆகஸ்டு 15 என்று எழுதியிருக்கிறான். தவறு. நான் கைவைக்கவில்லை.