சந்தனம் இறங்கிய பெட்டி

18 அக்டோபர் 2007, வியாழன்

காலையில் தண்ணீர் வரவில்லை. விளாங்குடியில் தண்ணீர் வராத நாளில்தான் எனக்கு எடிட்டிங் வேலை ஓடும். துவைக்கவும் முடியாது, கழுவவும் முடியாது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடலாம்.

செக்கானூரணிக் கல்யாணத்தை எடுத்து வைத்தேன். ஆவணியில் என் வீட்டுக்காரர் போய் எடுத்த வீடியோ. பெண் பெயர் அன்னக்கொடி. அவள் அம்மா ஒச்சாயிதான் எங்களைக் கூப்பிட்டவள். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வரும்போது சி.டி. கையில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

மதியம் பெண்ணின் சித்தப்பா காளையிடமிருந்து போன். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, எங்க மதினி தாம்பாளத்தத் தூக்கிக்கிட்டு மேடையேறுச்சுல்ல, அந்தக் கட்டத்த மட்டும் எடுத்துருங்கண்ணே. தாலியறுத்த பொம்பள நல்ல காரியத்துல முன்னாடி நிக்கிறது பாக்கவே சங்கடமா இருக்கு."

"சரிண்ணே, பாத்துக்கிருவோம்" என்றார் இவர்.

போனை வைத்ததும் நான் வெட்டமாட்டேன் என்றேன். வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். நிஜமாகவே கோபம் வந்தால் இவர் தமிழுக்கு மாறிவிடுவார், வெளியாளிடம் பேசுவதுபோல. இன்று தமிழில்: "பார்ட்டி சொன்னாச் செய்யணும். நம்ம வேலை அம்புட்டுத்தான்."

"பார்ட்டி ஒச்சாயி. காளை இல்ல."

அதோடு எழுந்து போய்விட்டார்.

டேப்பிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கேப்சர் செய்யும்போது அந்தக் கட்டத்தை ஒரு முறை பார்த்திருக்கிறேன். ஒச்சாயியைக் கூட்டத்தின் கடைசியில், தூணோரம் உட்கார வைத்திருந்தார்கள். அம்மா செய்யவேண்டியதைச் செய்ய மேடையில் காளையும் அவர் மனைவியும். தாலித் தாம்பாளம் ஆசீர்வாதத்துக்காகக் கை மாறி மாறி வந்து முடியும் நேரம், திடீரென்று படச் சட்டத்துக்குள் ஒரு நீலச் சேலை. ஒச்சாயி தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு மேடையேறி மாப்பிள்ளையின் முன்னால் நீட்டுகிறாள். யாரோ கையைப் பிடிக்கிறார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேமரா ஒரு கணம் தடுமாறி, பிறகு அவள் முகத்தில் போய் நிற்கிறது.

கேமரா பிடித்தவர் இவர்தான். அதை ஏன் இன்று மறந்துவிட்டார்?

20 அக்டோபர், சனி

ஆயுத பூஜை. கேமரா, லைட்டுகள், டிரைபாட், கம்ப்யூட்டர், பக்கத்திலேயே நிற்க வைக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். இவர் கை எப்போதும் தாராளம். சந்தனத்தை நீர்க்கக் குழைத்து அள்ளி அள்ளி வைத்தார். பொரிகடலை, சுண்டல். பூசணிக்காய் உடைத்தோம். சண்டையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

21 அக்டோபர், ஞாயிறு

விஜயதசமியன்று கொஞ்சமாவது வேலை தொடங்க வேண்டும் என்று இவரே குளித்துவிட்டு வந்து எல்லாவற்றையும் ஆன் செய்தார். ஹார்ட் டிஸ்க்கின் நீல விளக்கு எரிந்தது, சிமிட்டியது, அணைந்தது. முடி கருகினதுபோல ஒரு வாசனை.

அதன் மேல்புறம் காற்றுப் போக வரிசையாகத் துவாரங்கள். அந்தத் துவாரங்களின் மேலேயே பெரிய பொட்டு. சந்தனம் இன்னும் ஈரம். உள்ளே இறங்கியிருக்கிறது.

என்ன மனுஷன்! பூஜை பண்றதுக்கு வேற இடமே கிடைக்கலையா அதுல?

ஆவணி முகூர்த்தம் முழுக்க அதில்தான் இருக்கிறது. மற்ற இரண்டு கல்யாணங்களையும் முடித்துக் கொடுத்தாகிவிட்டது. ஒச்சாயியினுடையது மட்டும் மிச்சம். டேப்? டேப்பின் மேல் அடுத்த கல்யாணம் ஏறிவிட்டது. டேப்பை வீணாக்காமல் திரும்பத் திரும்ப ஓட்டுவது எல்லா ஸ்டூடியோவிலும் வழக்கம்தான்.

சாயங்காலம் இவர் மெல்லச் சொன்னார்: "காளை அண்ணன்ட்ட சொல்லிரலாம், டேப்பு சரியில்லன்னு. அவருக்கும் சௌகரியம்தான்."

சௌகரியம். அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது.

22 அக்டோபர், திங்கள்

டவுனுக்குப் போய் கம்ப்யூட்டர் சர்வீஸ் ராம்கியிடம் காட்டினேன். நல்லவன், ஆனால் எதையும் பார்ப்பதற்கு முன்பே பதில் வைத்திருப்பவன்.

"வாரண்டி இருக்கு மேடம். அனுப்புனா கம்பெனிக்காரன் புதுசே குடுத்துருவான்."

"உள்ள இருக்கிற படம்?"

"அது போயிரும். பழசை வாங்கிக்கிட்டுப் புதுசு தருவான், அம்புட்டுதான்."

"திறந்து பார்த்தா?"

"ஐயய்யோ. ஸ்டிக்கர் கிழிஞ்சா வாரண்டி போச்சு. அதோட தூசி பட்டா டிஸ்க்கும் போச்சு. மனுசன் நெஞ்சைத் திறக்கிற மாதிரி மேடம் அது."

வரும் வழியில் பஸ்ஸில் அதையே யோசித்தேன். வீட்டுக்கு வந்து அடாப்டரைச் செருகி, பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே சன்னமாகச் சுழல்கிறது. கடகடவென்று அடித்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டருக்குத்தான் அதை அடையாளம் தெரியவில்லை. அப்படியானால் டிஸ்க் சாகவில்லை. டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருக்கும் ஏதோ ஒன்றுதான் செத்திருக்கிறது.

பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தது இத்தனை வருடம் சும்மா கிடந்தது.

23 அக்டோபர்

இவர் வாரண்டி அட்டையைத் தேடுகிறார். நான் தேடவில்லை.

24 அக்டோபர், புதன்

ஒச்சாயி வந்தாள். காய்கறி மார்க்கெட்டுக்கு வந்தவள் அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறாள். அவள் என்னை அக்கா என்கிறாள், நான் அவளை அக்கா என்கிறேன். யார் மூத்தவள் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை.

பொய் சொல்லக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். பெட்டி கெட்டுவிட்டது, படம் வருமா தெரியவில்லை என்று சொன்னேன். இவர் நடுவில் புகுந்து ஏதோ சொல்ல, நான் பதிலுக்குச் சொல்ல, சௌராஷ்டிரத்தில் நாலு வார்த்தை ஓடியது.

ஒச்சாயி சிரித்துவிட்டாள். "நீங்க ஒங்க பாசையில சண்டை போட்டா எனக்குப் புரியாதுன்னு நினைக்காதீக. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, அண்ணே தோக்குறாருன்னு."

பிறகு சிரிப்பு நின்றது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"யக்கா, ஒண்ணு சொல்லவா. போட்டோ ஆல்பம் வந்துருச்சு. எடுத்தவன் எங் கொழுந்தன் ஆளு. அதுல நான் ஏறுன படம் ஒண்ணுகூட இல்ல. இப்ப ஊருல என்ன சொல்றாக தெரியுமா? நான் ஏறவே இல்லையாம். கொழுந்தன் பொண்டாட்டிதான் தாம்பாளத்தக் குடுத்தாளாம். நான் அழுதுக்கிட்டே தூணோரமா உக்காந்திருந்தேனாம். எல்லாரும் ஒண்ணு போல சொல்லச் சொல்ல, எனக்கே சந்தேகமாப் போச்சு. நான் நெசமாவே ஏறுனனா?"

"ஏறுனீங்க. நான் பார்த்தேன்."

"எம் மருமகன் பாக்கணும். நாளைக்கு அவன் பிள்ளைக பாக்கணும். நீங்க பாத்து என்ன பண்ண?"

பஸ் நிறுத்தம்வரை கூடவே போனேன். தீபாவளிக்குள் தருகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. எதை வைத்துச் சொன்னேன்?

26 அக்டோபர், வெள்ளி

இவர் பெட்டியைத் துணியில் சுற்றி, அட்டையும் பில்லும் வைத்து, கூரியருக்குக் கட்டி வாசலில் வைத்திருந்தார். பிரித்து எடுத்துவிட்டேன்.

"அறிவிருக்கா ஒனக்கு? புதுசு தர்றான், சும்மா தர்றான். அத விட்டுட்டு..." தமிழ்தான்.

"புதுசு வந்தா அதுல ஒச்சாயி இருப்பாங்களா?"

"நீ திறந்து அதுவும் கெட்டுப் போச்சுன்னா?"

"கெட்டுத்தானே கிடக்கு. இதுக்கு மேல என்ன கெடும்?"

தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

27 அக்டோபர், சனி

திறந்துவிட்டேன்.

மதியம், இவர் ஒரு காதுகுத்துக்கு வீடியோ எடுக்கப் போயிருந்தார். முதலில் ஸ்டிக்கர். 'நீக்கினால் உத்தரவாதம் செல்லாது' என்று ஆங்கிலத்தில். நகத்தால் கிழித்தேன். அந்தச் சத்தம் நன்றாக இருந்தது. அடியில் இரண்டு ஸ்க்ரூ. அதற்குப் பிறகும் பெட்டி வாயைத் திறக்கவில்லை. உள்பக்கம் கொக்கிகள் போல. தீர்ந்துபோன செல்போன் ரீசார்ஜ் கார்டை இடுக்கில் நுழைத்து ஓரமாக நடத்திக்கொண்டே போனேன். டப் டப்பென்று ஒவ்வொன்றாக விட்டது. ஒன்று உடைந்தது.

உள்ளே பார்த்ததும் ராம்கியை நினைத்துக்கொண்டேன். டிஸ்க் தனியாக, அலுமினிய உறைக்குள் அழகாக மூடிக் கிடக்கிறது. ஒரு தூசியும் அதற்குள் போகமுடியாது. நான் கழற்றியது சட்டையைத்தான். நெஞ்சைத் திறக்கவே இல்லை.

டிஸ்க்கையும் யு.எஸ்.பி. வயரையும் இணைக்கும் சின்னப் பச்சைப் பலகை ஒன்று. அதன் மேல் சந்தனம் வழிந்து காய்ந்திருந்தது, நடுவில் கறுப்பாக ஒரு கருகல். இதுதான் செத்தது. இது மட்டும்தான்! டிஸ்க்கை அதிலிருந்து பிடுங்கினேன். பின்னால் வரிசையாக ஊசிகள், நம் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க்குக்கு உள்ளது போலவே. பட்டை வயரில் நேராக மாட்டிவிடலாம்.

மாட்டினேன். கம்ப்யூட்டர் முழுதாக ஆன் ஆகவில்லை. கறுப்புத் திரை. இரண்டு வரி ஆங்கிலம், அப்படியே நின்றுவிட்டது.

இவர் வந்து பார்த்தார். கறுப்புத் திரையைப் பார்த்தார், தரையில் பிரிந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். கேமராப் பையை இறக்கி வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார். ஏதாவது சொல்லியிருந்தாலாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

28 அக்டோபர், ஞாயிறு

பயமாக இருந்தது. எழுதிவிடுகிறேன், பயமாகத்தான் இருந்தது. ஆனால் டிஸ்க்கை வெளியே எடுத்தால் கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்கிறது. அப்படியென்றால் எதுவும் கெடவில்லை, இரண்டும் சேர்ந்து இருக்கமாட்டேன் என்கின்றன.

வெளிச்சத்தில் பிடித்து டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தேன். பொடி எழுத்து. கண்ணாடி போட்டும் போதவில்லை, ஜன்னலோரம் போனேன். ஒரு குட்டிப் படம். ஒரே வயரில் இரண்டு டிஸ்க் இருந்தால் ஒன்று மாஸ்டர், மற்றது அதற்குக் கீழே என்று சொல்லிவைக்க வேண்டுமாம். பின்பக்கம் இரண்டு ஊசிகளை மூடியிருக்கும் துண்டு பிளாஸ்டிக் அதைத் தீர்மானிக்கிறது. இரண்டுமே மாஸ்டராக நின்றால் கம்ப்யூட்டர் திகைத்துப் போய் உட்கார்ந்துவிடும். எங்கள் வீடு மாதிரி.

புருவம் எடுக்கும் இடுக்கியால் அந்தத் துண்டைப் பிடுங்கிப் படத்தில் உள்ளபடி மாற்றிச் செருகினேன்.

வந்துவிட்டது. திரையில் புதிதாக ஒரு டிரைவ். உள்ளே 'செக்கானூரணி' என்ற ஃபோல்டர். நான் வைத்த பெயர்.

கத்தினேன் போலிருக்கிறது. இவர் ஓடி வந்தார், ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து.

30 அக்டோபர், செவ்வாய்

எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டேன். ஒரு கோப்பு மட்டும் பாதியில் நின்று, பிழை, பிழை என்று அடம் பிடித்தது. மேடையாக இருந்துவிட்டால்? திறந்து பார்த்தால், பந்தி. காளையின் ஆட்கள் சாப்பிடும் கட்டம்.

ஒச்சாயிக்கு அவள் தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பந்தி போயிருச்சா? போகட்டும் யக்கா, அது அன்னைக்கே வயித்துக்குள்ள போயிருச்சு" என்றாள்.

மேடைக் கட்டத்தை ஓட்டினேன். இவர் பின்னால் வந்து நின்றார். முடியும்வரை நின்றார். "போகஸ் கொஞ்சம் ஆடியிருக்கு" என்றார். அம்புட்டுதான்.

வெட்டவில்லை. முன்னால் பின்னால் பூத்தூவல், இதயம் சுழல்வது, எந்த வேடிக்கையும் அங்கே போடவில்லை. நடந்தது நடந்தபடி.

6 நவம்பர், செவ்வாய்

சி.டி. கொடுத்தாகிவிட்டது. ஒச்சாயி நேரில் வந்து வாங்கிப் போனாள். எங்கள் வீட்டில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். மாட்டேன் என்றாள். "எல்லாரோடயும் உக்காந்து பாக்கணும்."

9 நவம்பர், வெள்ளி

தீபாவளி முடிந்த மறுநாள். ஒச்சாயி போன். பின்னால் வெடிச் சத்தம், பிள்ளைகள் சத்தம், பாதி காதில் விழவில்லை.

தெருவே வந்து உட்கார்ந்து பார்த்ததாம். மேடை வந்ததும் காளை எழுந்து வெளியே போய்விட்டாராம். மருமகன் ரிமோட்டை எடுத்துத் திரும்பப் போட்டானாம். அன்னக்கொடி அம்மா கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம்.

"யக்கா, நான் இம்புட்டுக் கோவமாவா மூஞ்சிய வச்சிருந்தேன்? சிரிச்சிருக்கலாம்ல!"

"அடுத்த பொண்ணு கல்யாணத்துல சிரிங்க."

"எனக்கு ஒரு பொண்ணுதான்" என்று சிரித்தாள். நானும்தான். போனை வைத்த பிறகு கொஞ்சம் அழுதேன். ஏன் என்று தெரியவில்லை, ஆராயவும் விருப்பமில்லை.

25 நவம்பர், ஞாயிறு

காளை வந்தார். வெள்ளைச் சட்டை, கூட ஒரு ஆள். நான் எடிட்டிங் அறையில் இருந்தேன், கதவு பாதி திறந்திருந்தது. இவர் உட்காரச் சொல்லி, தானே போய் டீ போட்டு வந்தார்.

"நடந்தது நடந்துபோச்சுண்ணே. சிங்கப்பூர்ல எங்க சொந்தக்காரக இருக்காக, அவுகளுக்கு அனுப்பணும். அந்தக் கட்டம் இல்லாம ஒரு காப்பி போட்டுக் குடுங்க. அடுத்த வருசம் எம் மகளுக்கும் முடிக்கணும், ஒங்கள விட்டு வேற யாரக் கூப்பிடப் போறோம்?"

நான் எழுந்தேன். கதவுவரை போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக அடுக்கியும் வைத்துவிட்டேன்.

இவர் பேச ஆரம்பித்துவிட்டார். குரல் உயரவே இல்லை.

"அண்ணே, அந்தம்மா மேடையேறுனப்ப கேமரா என் தோள்லதான் இருந்துச்சு. திருப்பணும்னா அப்பவே திருப்பியிருப்பேன்."

"அதுக்கில்லண்ணே..."

"காப்பி வேணும்னா ஒங்க மதினியக் கேளுங்க. அது அவுக கேசட்டு."

பிறகு நாற்காலி நகர்ந்தது. வாசலில் அவர் ஜீப் கிளம்பியது.

இனி செக்கானூரணிப் பக்கம் காளையின் சொந்தத்தில் ஒரு கல்யாணமும் எங்களுக்கு வராது. இவருக்கும் அது தெரியும். அறைக்குள் எட்டிப் பார்த்து, "அவரு டீயத் தொடவே இல்ல, நீ குடிக்கிறியா?" என்று சௌராஷ்டிரத்தில் கேட்டுத் தம்ளரை நீட்டினார்.

குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.