பெருக்கித் தள்ளிய தடம்

நஜாத்துக்கு, இறைவன் உன்னையும் நம் மகள் மர்வாவையும் சுகமாக வைக்கட்டும். உன் முதுகுவலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஈத் விடுமுறைக்குக் கடற்கரை நிரம்பி வழிகிறது. நேற்று விடியலில் வழக்கம்போல் மணலைப் பெருக்கிச் சமப்படுத்தினேன். வண்டித் தடம் என்று நினைத்து நான் அழித்தது, முட்டையிட வந்த கடலாமையின் தடமாம். மேற்பார்வையாளர் ஃபிக்ரி தலையில் கைவைத்துவிட்டார்.

"யோவ் சோஹாக் ஊர்க்காரா, இப்படித் துடைச்சு வச்சிருக்கியே. முட்டையை இப்ப எங்கன்னு தேடுறது?"

குத்துமதிப்பாக ஓரிடத்தில் கயிறு கட்டி, குடை நட வருகிறவர்களை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"ஆமைக்கே இம்புட்டு இடம்னா எங்க புள்ளைங்க எங்கப்பா விளையாடும்?" என்று சடைத்துக்கொண்ட ஓர் அம்மாள், பிறகு ஒரு தட்டுக் கறிச்சோறு கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் நாள் முழுக்க மணலில் ஓடுகிறார்கள். விடிந்தால் அத்தனை காலடியையும் நான்தான் பெருக்க வேண்டும்.

கடிதம் கொண்டுபோகும் பஸ் ஹாரன் அடிக்கிறது. ஒன்றே ஒன்று. மர்வாவைக் காகிதத்தின்மேல் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. செருப்பு வாங்கத்தான். இரண்டு தாளில் வரைந்துவிடு. ஒன்று கடைக்காரரிடம் போய்விடும்.

ராஃபத்