ஷார்ஜா கார்டு

கும்மிடிப்பூண்டி,
கார்த்திகை, 2008

அன்புள்ள பச்சையப்பன் அண்ணனுக்கு,

ஷார்ஜாவில் உங்கள் அறைக் கூட்டாளி அன்புராஜின் மனைவி கல்பனா எழுதுகிறேன். இந்தக் கடிதம் கைக்குக் கிடைக்கும்போது நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

இங்கே மழை விட்டுவிட்டது. சிப்காட் ரோட்டில் மட்டும் தண்ணீர் வடியவில்லை, லாரி போனால் வாசல் வரைக்கும் சேறு அடிக்கிறது. பாப்பாவுக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது பரவாயில்லை. வாய் ஓயாமல் பேசுகிறாள். மாமாவுக்குத்தான் கண் மங்கிக்கொண்டே வருகிறது. டாக்டரிடம் போகலாம் என்றால் சீசன் முடியட்டும் என்கிறார். அவர் சொல்வது பந்தாட்ட சீசன். என் மாமனார் முனுசாமிக்கு இந்த வயதில் இங்கிலாந்துக்காரன் ஆட்டம்தான் நாள் கிழமை எல்லாம்.

எங்கள் பார் சமாசாரம் உங்களுக்குத் தெரியும். மதுக்கடையை ஒட்டி மாமா ஏலத்தில் எடுத்தது. உங்கள் கூட்டாளி லீவில் வந்தபோது அங்கேயிருந்து சேனல் பெட்டியும் அதில் செருகுகிற கார்டும் கொண்டுவந்து, மாடியில் பெரிய டிஷ் வைத்து, பாரில் டிவியை மாட்டிக் கொடுத்தார். ஃபேக்டரியில் வேலை பார்க்கும் மணிப்பூர் பையன்கள், வங்காளிகள், மலையாளிகள் எல்லோரும் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் இங்கேதான். ஆட்டம் காட்டுகிற அந்த அரபுச் சேனல் உள்ளூர் கேபிளில் இல்லை. கார்டு அவர் பேரில் இருக்கிறது. மாதாமாதம் அங்கே பணம் கட்டினால் இங்கே படம் வரும்.

வீட்டில் பார்க்கக் கொடுத்த கார்டை, அதுவும் வேறு நாட்டுக் கார்டை, பாரில் போடுவது குற்றமாம். கேபிள்காரர் துளசிராமன் வந்து மிரட்டிவிட்டுப் போனார். "போலீஸ்ல எழுதிக் குடுத்துடுவேன், அப்பால பேஜாராப் பூடும்" என்றார். மாமா அசையவில்லை. முன்பு என்றால் வியாபாரத்துக்காக என்று சொல்லலாம். இப்போது ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

ஆடி மாதம் என் வீட்டுக்காரரிடமிருந்து போன் வருவது நின்றது. கம்பெனியில் கேட்டால், அந்த ஆள் சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விட்டான், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். மாமா உங்களுக்குப் போன் போட்டு அழுதார். அவன் தூரத்தில் வெளிவேலைக்குப் போயிருக்கிறான், அங்கே டவர் கிடைக்காது, கார்டுக்குப் பணம் கட்டிவிட்டான், வேண்டுமானால் சாயங்காலம் படம் வருகிறதா பாருங்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். படம் வந்தது. அன்றைக்குப் பாரில் இருந்த அத்தனை பேருக்கும் மாமா சும்மாவே சுண்டல் கொடுக்கச் சொன்னார்.

அதிலிருந்து அவருக்கு வேறு தகவல் தேவைப்படவில்லை. யார் விசாரித்தாலும், "படம் வந்துக்கினு கீது. பணம் கட்றான். அப்போ அன்பு நல்லாத்தான் கீறான்" என்கிறார்.

பாருக்கும் என் சமையலறைக்கும் நடுவே ஒரே சுவர். ஆட்டத்தைப் பற்றி அரபியில் பேசுகிற ஆளின் குரல் அந்தச் சுவர் வழியாக வரும். பாப்பாவுக்கு அப்பா என்றால் போனில் வந்த குரல்தானே, வேறென்ன தெரியும். உங்கப்பா அனுப்புற படம் என்று மாமா சொல்லிச் சொல்லி, இப்போது அந்தக் குரல் கேட்டதும் விளையாட்டை விட்டுவிட்டு ஓடிவந்து சுவரில் காதை வைக்கிறாள். "அப்பா பேசுறாரு" என்கிறாள். முதலில் சிரித்தேன். இப்போது அவள் பதில் சொல்லவும் ஆரம்பித்துவிட்டாள். சாப்பிட்டேன் என்கிறாள், பொம்மை வேணும் என்கிறாள், எப்போ வருவே என்கிறாள். போன வாரம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இரைச்சல் அடங்கி, அந்த ஆள் தணிவாக ஏதோ சொன்னான். இவர் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. "தோ வரேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணா, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். பணம் கட்டுவது யார்?

என் வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். எதையும் தேதிக்குச் செய்தவர் இல்லை. சொந்தக் கல்யாணத்துக்கே முகூர்த்தத்தைத் தவறவிடப் பார்த்த மனிதர், கேட்டால் சட்டை இஸ்திரியாக நேரமாகிவிட்டது என்றார். அவர் கட்டிய காலத்தில் மாதாமாதம் படம் நிற்கும். பையன்கள் கத்துவார்கள், மாமா போனில் திட்டுவார், "சம்பளம் போடலப்பா, நாளிக்கி கட்டிடறேன்" என்பார். அந்த நாளை வர ஒரு வாரமாகும். ஆடிக்குப் பிறகு ஒரு நாள்கூடப் படம் நிற்கவில்லை. பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று மாமா பூரித்துப் போகிறார். எனக்கோ உங்கள் ஞாபகம்தான் வருகிறது. அலாரம் அடிக்கும் முன்னே எழுந்து அதை அணைக்கிற ஆள் என்று உங்களை அவர் கிண்டல் செய்வார்.

கடம்பத்தூருக்குப் போய் உங்கள் வீட்டில் சந்திரகலா அக்காவைப் பார்த்தேன். நன்றாகக் கவனித்துக்கொண்டார். பாப்பாவுக்கு அளவாக ஒரு கவுன் எடுத்து வைத்திருந்தார். ஆனால் போனதிலிருந்து கிளம்பும் வரை என் வீட்டுக்காரர் பேச்சை ஒரு தடவைகூட எடுக்கவில்லை. நான் எடுத்தபோதும் எழுந்து காபி போடப் போய்விட்டார். ஒரே அறையில் இருக்கிறவர்களின் பெண்டாட்டிகள் வேறு எதைத்தான் பேசுவார்கள், சொல்லுங்கள்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு கிழவர் போனில் அழும்போது யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். இப்போது அந்தச் சொல்லை நீங்கள் வாயால் திருப்பி எடுக்க முடியாது, அதுவும் எனக்குப் புரிகிறது. அதனால் எனக்கு எழுத வேண்டாம், போனிலும் சொல்ல வேண்டாம். அவர் ஜெயிலிலோ ஆஸ்பத்திரியிலோ இருக்கட்டும், இன்னொருத்தியோடுகூட இருந்துவிட்டுப் போகட்டும், உயிரோடு இருந்தால் அடுத்த மாதமும் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் கட்டாதீர்கள். நான் புரிந்துகொள்வேன்.

வாக்கப்பட்டு வந்ததிலிருந்து அந்தப் பாருக்குள் நான் கால் வைத்ததில்லை. கார்டுக்குக் கட்டிய பணம் முடிகிற அன்றைக்குப் போய் மாமா பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். அக்காவோடு அடிக்கடி பேசுங்கள். நீங்களாவது பத்திரமாக ஊர் வந்து சேருங்கள்.

உங்கள் தங்கை,
கல்பனா