பண்டோங் போத்தலும் பயத்தங்காய் வேரும்

10 மார்ச் 1964, செவ்வாய்

கொளுத்தும் வெயில். வெட்கக்கேட்டை முதலில் எழுதிவிடுகிறேன்: ஆய்வகத்து ஐஸ் பெட்டியின் மேல்தட்டில் டாக்டர் அம்மா வைத்திருந்த பண்டோங்கைத் திருடிக் குடித்தேன். ஒரு போத்தல் முழுக்க. ரோஸ் பாலுக்கு நாக்கைத் தொங்கப்போடும் நாற்பத்தேழு வயது உதவியாளன். ஸ்டோரிலிருந்து இங்கே மாற்றலாகி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

ஏப்பம் அடங்குமுன் அம்மாவே வந்தார். யாழ்ப்பாணக்காரர். சிரித்தால் ஊருக்கு மழை.

"ராமையா, நேற்று அரைச்ச வேர்முடிச்சுச் சாறு பத்திரமோ?"

"பத்திரம்மா."

"நாளைக்கு லண்டன் புரொபசர் பாக்க வாறார். கெடுத்தீங்களெண்டால் உங்களைத் தோட்டத்துக்கு மாத்திப்போடுவன்."

ஐஸ் பெட்டியில் தேடினேன். நேற்று பிழிந்தது ரத்தச் சிவப்பு. இன்று சிவப்பாக எதுவுமில்லை. கீழ்த்தட்டில் யாரோ மிச்சம் வைத்த கோப்பி மட்டும். அப்படியானால் நான் குடித்தது? இனித்ததே! இனிக்காதா? வேர்முடிச்சில் வாழும் கிருமிகளின் மெல்லிய தோல் வெடிக்காமலிருக்கச் சாற்றில் சீனி கலந்தவனே நான்தான். லேபல் ஒட்டச் சொல்லியும் ஒட்டாதவனும்.

வாந்தி, இரண்டு முறை. சிராங்கூன் ரோட்டில் இட்லி வாங்கினேன், இறங்கவில்லை.

11 மார்ச், புதன், காலை

மழை. பின்பக்கப் பாத்தியில் பயத்தங்காய்ச் செடிகளைப் பிடுங்கினேன். சேறு, புழு. வேரெல்லாம் கிழவன் கழுத்து மரு மாதிரி முடிச்சு. நசுக்கினால் உள்ளே சிவப்பு. நம் ரத்தத்தில் இருக்கும் அதே வகைச் சாமானாம். காற்றிலிருந்து உரம் செய்யும் நொதியைப் பிராணவாயு கெடுக்காமல் காக்கிறதாம். சே! அழுகின முட்டைக்கோஸ் நாற்றம்.

தோட்டக்கார முனியாண்டி மூக்கைப் பொத்தினான். "அண்ணே, எலி செத்துக் கெடக்கா?"

"இல்லப்பா, என் மானம்."

பிழிந்து, சீனி போட்டு, நான் காலிசெய்த போத்தலிலேயே ஊற்றி, அதே மேல்தட்டில் வைத்தேன்.

மதியம்

புரொபசர் வந்தார். அம்மா நேராகக் கீழ்த்தட்டுக் கோப்பியை எடுத்தார்.

"ஏன் முழிக்கிறீங்கள்? திங்கட்கிழமைச் சாறுதான். காத்துப் பட்டால் ஒரே இரவிலை கபிலமாப் போயிடும்."

அப்போ நான் குடித்தது பண்டோங்! வெறும் பண்டோங்! பெருமூச்சு பாதியில் நின்றது. அம்மாவின் கை மேல்தட்டுப் போத்தலுக்குப் போயிற்று. அவருக்கு மழைச் சளி, மூக்கு வேலை செய்யவில்லை.

"விருந்தாளிக்கெண்டு நான் வீட்டிலை செய்த பண்டோங்."

சொல்ல வாயைத் திறந்தேன். தோட்டம் கண்முன் வந்தது. மூடிக்கொண்டேன்.

வெள்ளைக்காரர் ஒரே மூச்சில் குடித்தார்.

இன்னொரு குவளை கேட்டார்.